தொட்டி அவருடையது இல்லை

வாடகை வீட்டில் மீன் வளர்ப்பவரிடம் தொட்டிகள் இருக்கும். ஆனால் அதில் ஒன்றுகூட அவருடையதாக இருக்காது.

எங்கள் மாடி வீட்டு ஹாலில் நிற்கும் நாலடித் தொட்டி மச்சானுடையது. மச்சான் குமுளிக்கு ஏலக்காய்க் கடை வேலைக்குப் போனபோது, "ரெண்டே வாரம் மாமா, வீடு பாத்துட்டு வந்து எடுத்துக்கிறேன்" என்று இறக்கிவிட்டுப் போனாராம். அந்த மச்சானுக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, பிள்ளைக்கு மொட்டையும் போட்டாயிற்று. இன்னும் வீடு பார்த்து முடியவில்லை. அதற்குப் பக்கத்திலிருக்கும் இரண்டடித் தொட்டி மகளின் பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்காக வாங்கியது. மகள் இப்போது கோயமுத்தூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். சமையலறைத் திண்டில் ஊறுகாய் ஜாடிக்கும் உப்பு டப்பாவுக்கும் நடுவே ஒரு ஃபைட்டர் செவுளை விரித்துக்கொண்டு நிற்கிறதே, அது ஆபீஸில் டிரான்ஸ்ஃபரில் போன ஒருவருடையது. பால்கனியில் நீல டிரம்முக்குள் புள்ளிப் புள்ளியாக நூற்றுக்கணக்கில் ஓடுகின்றனவே, அவை? "அது யாரும் வளக்கலண்ணே. தானா வந்தது."

கடைசியாகச் சொன்னதில் பாதி உண்மை. கப்பி முட்டை போடுகிற ஜாதி இல்லை, குட்டி போடுகிற ஜாதி. ஒரு முறை ஆணோடு சேர்ந்தால் போதும், அதன்பிறகு ஆணே இல்லாமல் பல மாதங்களுக்குப் பெண் கப்பி ஈன்றுகொண்டே இருக்கும். ஆகவே டிரம்மைப் பொறுத்தவரை அவர் நிரபராதி. மற்றவற்றுக்குத்தான் நான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஓனர் சின்னமனூர்க்காரர். வாழையும் தென்னையும் வைத்திருக்கும் மனிதர். வாடகை போனிலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது, இருந்தாலும் மாதம் பிறந்தால் தேனிக்கு பஸ் ஏறி வந்து சுவரைத் தடவிப் பார்க்காமல் இருக்க மாட்டார். மீன் என்றால் அவருக்குக் குழம்பில் கிடக்க வேண்டும். வைகை அணை ஜிலேபியைத் தவிர வேறு மீனுக்கு உலகில் வேலை இருப்பதாக அவர் நம்பவில்லை. அவர் படியேறும் செருப்புச் சத்தம் கேட்டதும் தொட்டிக்காரர் வீட்டில் காரியம் மளமளவென்று நடக்கும். நாலடித் தொட்டிமேல் பழைய சுங்குடிச் சேலை விழும். சேலைமேல் இஸ்திரிப் பெட்டி ஏறும். பக்கத்தில் நாலு சட்டை மடித்து வைக்கப்படும். உள்ளே மோட்டார் மட்டும் குளுகுளுவென்று கொப்பளித்துக்கொண்டிருக்கும்.

"என்ன தம்பி சத்தம்?"

"ஃப்ரிட்ஜ் ஐயா. பழசு."

ஒரு நாள் சேலை நழுவிவிட்டது. உள்ளேயிருந்து ஓர் ஆஸ்கார், கையகல உருப்படி, கண்ணாடியோரம் வந்து ஓனரை உற்றுப் பார்த்தது. ஓனரும் பார்த்தார். தொட்டிக்காரர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "அதான் அன்னிக்கே சொன்னனே ஐயா, மச்சானோடது. ஞாயித்துக்கெழம வந்து எடுத்துருவான்." எந்த ஞாயிற்றுக்கிழமை என்று கேட்க ஓனருக்குத் தோன்றவில்லை. குழம்புக்கு ஆகுமா என்றுதான் கேட்டார்.

ஆனாலும் ஓனர் ஏமாளி இல்லை. பதினோரு மாத அக்ரிமென்ட் புதுப்பிக்கும் வேளை வந்தது. பழைய பத்திரத்தில் "நாய், பூனை, கோழி முதலியன வளர்க்கக் கூடாது" என்று மட்டும் இருந்தது. இந்த முறை "மற்றும் நீர்வாழ் உயிரினங்கள்" என்று சேர்த்து டைப் செய்து கொண்டுவந்தார். வாடகைக்கான 2017 தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும் என்றெல்லாம் சொல்கிற அந்தச் சட்டத்தில் மீனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அரசாங்கம் விட்ட இடத்தை எங்கள் ஓனர் நிரப்பினார். தொட்டிக்காரர் சண்டை போடுவார் என்று நானும் மாடிப்படியில் காத்திருந்தேன். மனிதர் வாங்கினார், வாசித்தார், சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்துப் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தயங்க என்ன இருக்கிறது? அவர்தான் மீன் வளர்க்கவே இல்லையே.

2023 ஜூனில் சென்னை ரயில் போடிநாயக்கனூர்வரை ஓட ஆரம்பித்தபோது மாவட்டமே பூரித்தது. ஏலக்காய் வியாபாரிக்கு ஒரு காரணம், கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு காரணம். இவர் மகிழ்ந்தது கொளத்தூருக்காக. சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன இடம் என்பது தெரிந்ததுதான். ஆக்சிஜன் நிரப்பிக் கட்டிய பாலிதீன் பை, பைக்கு வெளியே தெர்மாகோல் பெட்டி, பெட்டிமேல் "மருந்து, அவசரம்" என்று மார்க்கர் எழுத்து. விடியற்காலை அந்தப் பெட்டியோடு மாடி ஏறும்போது எதிரே பட்டுவிட்டால், நாம் கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிடும். "நமக்கு இல்லண்ணே. பெரியகுளத்துல ஒரு டாக்டருக்கு. நாளைக்கு வந்து வாங்கிக்கிருவாரு." பெரியகுளத்து டாக்டரை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

டெங்கு ஒழிப்புக்காரர்கள் வந்து நீல டிரம்மைக் கவிழ்க்கச் சொன்ன அன்று மட்டும் கதை மாறியது. கொசுப் புழுவைத் தின்பதற்காகச் சுகாதாரத் துறையே கம்பூசியாவையும் கப்பியையும் கிணற்றிலும் தொட்டியிலும் விடுகிறது. அதைச் சொல்லி, "நீங்க செய்ய வேண்டிய வேலையத்தான மேடம் நான் செய்யுறேன்" என்று நெஞ்சை நிமிர்த்தினார். வந்த பெண்மணி டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு புழு இல்லை. பாராட்டிவிட்டுப் போனார். தொட்டிக்காரர் சொந்தம் கொண்டாடி நான் பார்த்த ஒரே நாள் அதுதான்.

சும்மா சொல்லக் கூடாது, ஆளுக்கு மீன்மேல் இருக்கும் பாசம் பொய்யில்லை. ஆடிக் காற்று பள்ளத்தாக்குக்குள் இறங்கிச் சாரலும் சேர்ந்துகொண்டால், ஒரே இரவில் தொட்டித் தண்ணீர் குளிர்ந்துவிடும். மீன் உடம்பில் ரவையைத் தூவினதுபோல் வெள்ளைப்புள்ளி கிளம்பும். அப்போது இவர் லீவு போட்டுவிடுவார். ஹீட்டரைப் போட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி, கல்லுப்பை அளந்து கரைத்து ஊற்றி, தெர்மாமீட்டரைப் பார்த்தபடி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்ட் போய்விடும் நாளிலோ அவரைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். பேட்டரி பம்ப் ஒரு தொட்டிக்குத்தான் பத்தும். மற்றவற்றுக்கு, கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். தண்ணீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுவார், மொள்ளுவார், ஊற்றுவார். காற்றுப் பட்டு விழும் தண்ணீரில் மீனுக்கு மூச்சு கிடைக்கும் என்பதற்காக, சாப்பாட்டு நேரத்தில்கூட எழுந்திருக்காமல் சாயங்காலம்வரை இதையே செய்துகொண்டிருப்பார். தாகத்துக்குத் தண்ணி கேட்டால் எழுந்து எடுத்துத் தராத மனிதர் என்று அவர் மனைவி சொல்லிக் கேட்டிருக்கிறேன். செத்துப்போன மீனை அவர் குப்பையில் போட்டதில்லை. மல்லிகைச் செடியடியில் புதைப்பார். அந்த மல்லிகை எப்படிப் பூக்கிறது என்கிறீர்கள்!

என் குறைக்கு வருகிறேன்.

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பெருக்கினால் ஒன்பது கன அடி. விளிம்புவரை நிரப்பினால் 255 லிட்டர், அதாவது 255 கிலோ தண்ணீர். கண்ணாடி, கூழாங்கல், இரும்பு ஸ்டாண்டு சேர்த்தால் 300 கிலோவுக்கு மேலே போகும். குடியிருக்கும் அறைக்குத் தளம் போடும்போது சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் என்று கணக்கு வைத்துத்தான் பொறியாளர்கள் வரைகிறார்கள். இந்தத் தொட்டி நிற்பதோ சுமார் அரைச் சதுர மீட்டரில். இதனால் வீடு இடிந்துவிடாது, அது எனக்கும் தெரியும். சுவரோரமாக, பீமுக்கு மேலே நிறுத்தினால் கவலையே இல்லை. ஆனால் நட்டநடு ஹாலில், சரியாக என் கட்டிலுக்கு மேலே நிற்கிறது. நகர்த்தச் சொன்னால், "ஞாயித்துக்கெழம போகப்போறத எதுக்குண்ணே இப்ப நகட்டிக்கிட்டு?"

இந்தப் பக்கத்து ஆட்கள் காலையில் பேப்பரைப் பிரித்ததும் பெரியாறு எத்தனை அடி, வைகை எத்தனை அடி என்று பார்ப்பவர்கள். பெரியாற்றில் 142 அடிவரை தேக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைக் கண்காணிக்க ஒரு குழுவும் போட்டது. எங்கள் மாடிக்கு அப்படிக் குழு எதுவும் கிடையாது. மேலே ஒருவர் தேக்கிக்கொண்டே போக, கீழே படுத்திருப்பவனுக்குத் தூக்கம் வராது என்ற ஒரு விஷயத்தில் மட்டும் இடுக்கிக்காரர்கள் மனசு எனக்குப் புரிய ஆரம்பித்திருக்கிறது. இதைக் கம்பத்தில் போய்ச் சொல்லிவிட முடியாது. பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக் படத்தைச் சாமி படத்தோடு மாட்டியிருக்கும் வீடுகள் உள்ள ஊர்.

சரி, பாரத்தையாவது விடலாம். ஒழுக்கை என்ன செய்ய? காற்றடிக்கும் சின்ன மோட்டாரைத் தொட்டிக்குக் கீழே தரையில் வைத்திருக்கிறார். அதிலிருந்து போகும் டியூப் தொட்டியின் அடிமட்டம்வரை இறங்குகிறது. மோட்டார் ஓடுகிறவரைக்கும் காற்று உள்ளே போகும். கரண்ட் நின்றதோ, அதே டியூப் வழியாகத் தண்ணீர் திரும்ப ஏறி, வெளியே இறங்கி, மோட்டாருக்குள் புகுந்து தரையில் சொட்டும். சொட்டுச் சொட்டாகப் போய் எந்த விரிசலைத் தேடிக் கண்டுபிடிக்குமோ, கடைசியில் என் பீரோவுக்கு மேலே வந்து சேரும். இதைத் தடுக்க விரல்நுனி அளவில் ஒரு வால்வு விற்கிறது. காற்றை ஒரு பக்கம்தான் விடும். டீ, வடை சாப்பிடுகிற காசு. அதுவும் வேண்டாமென்றால் மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு ஆணியடித்துத் தொங்கவிட்டாலே போதும். இதையெல்லாம் எனக்குப் படம் வரைந்து விளக்கியதே அவர்தான்! அமோனியா எப்படி நைட்ரேட் ஆகிறது, குழாய்த் தண்ணீரில் குளோரின் போக எத்தனை நேரம் வைக்க வேண்டும், எல்லாம் அத்துபடி. வால்வு மட்டும் வாங்க மாட்டார். அடுத்தவன் தொட்டிக்கு இவர் எதற்குச் செலவு செய்ய வேண்டும்?

என் படுக்கையறைக் கூரையில் வெள்ளை பூத்திருக்கிறது. காரை உப்பி உப்பி உதிர்கிறது. தீபாவளிக்கு எடுத்த பட்டுச்சேலையில் என் மனைவிக்கு விழுந்த கறை சலவைக்காரர் கையிலும் போகவில்லை. மேலே போய்ச் சொன்னால் உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, "மச்சான்ட்ட கண்டிப்பா சொல்லிர்றேண்ணே" என்கிறார். முகத்தில் உண்மையான வருத்தம். மச்சான்மேல் அவருக்கே கோபம் வந்துவிட்டதுபோல் இருக்கிறது.

போன மாதம் ஓனர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். உட்காரவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சார், உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதி. ஆனா ஒங்க தொட்டிய நீங்கதான வீட்ல வச்சுக்கிறணும்? எடம் இல்லைன்னு மேல ஏத்திவிட்டுட்டீக. பாவம், அந்தத் தம்பி எத்தன நாளைக்குச் சொமக்கும்?" என்றார்.

மச்சானுக்குக் குமுளியில் வீடு கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

மீன் வளர்ப்பது குற்றமில்லை. மீன் குரைக்காது, கடிக்காது, பக்கத்து வீட்டுச் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடாது. ஓனர் போட்ட நிபந்தனையே அதிகம் என்றுதான் சொல்வேன். இவர் முதல் நாளே "தொட்டி என்னோடதுதான் ஐயா" என்று சொல்லியிருந்தால், சுவரோரம் நிறுத்தி, அடியில் ட்ரே வைத்து, வால்வு போட்டிருப்பார், ஓனரும் இரண்டு தரம் முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பார். ஒரு பொய்யைக் காப்பாற்ற எல்லாவற்றையும் நாளைக்குப் போகப்போகிற சாமான்போல வைத்திருப்பதுதான் வம்பு. அந்த வம்பு எப்போதும் கீழ் வீட்டில்தான் சொட்டுகிறது.

ஆகவே ஓனர் ஐயாவுக்கு என் விண்ணப்பம். அவரைக் காலிசெய்யச் சொல்ல வேண்டாம். போகிற இடத்தில் இன்னொரு கீழ் வீட்டுக்காரன் இருப்பான். இந்தத் தரைத்தளத்தை அவருக்குக் கொடுங்கள், நான் மாடிக்குப் போகிறேன். வாடகை ஐந்நூறு ரூபாய் கூட என்றாலும் சம்மதம். அக்ரிமென்டில் நீர்வாழ் உயிரினத்தை அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: இவ்வீட்டில் உள்ள தொட்டி யாருடையதாக இருப்பினும், அது குடியிருப்பவருடையதே.