பங்காளிகள் கூடி நடத்தும் பள்ளிக்கூடம்

முதலில் ஒரு வகுத்தல் கணக்கு. 1,037 கோடியே 90 லட்சம் ரூபாயை 5 கோடி பேருக்குப் பிரித்துப் பாருங்கள். தலைக்கு 207 ரூபாய் 58 காசு வரும். 2022-இல் ஒன்றிய அரசு தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் ஐந்தாண்டு ஒதுக்கீடுதான் முதல் எண். அந்த ஐந்தாண்டுகளில் எழுதப் படிக்க வைக்கப்போவதாகச் சொன்ன ஆட்களின் எண்ணிக்கை இரண்டாவது. பதினைந்து வயதைத் தாண்டிய ஒருத்திக்கு ‘அ’னா ‘ஆ’வன்னாவில் தொடங்கி, கூட்டல் கழித்தல் கற்றுக்கொடுத்து, பேங்க் செலான் நிரப்பப் பழக்கி, கைத்தொழில் ஒன்றும் சொல்லிக்கொடுத்து, தொடர்கல்வியிலும் சேர்த்துவிட இந்தத் தேசம் எடுத்து வைத்திருக்கும் பணம் அவ்வளவுதான். ஒரு செல்போன் ரீசார்ஜோடு தீர்ந்துவிடுகிற காசு அது. திட்டமோ இணையவழித் திட்டம்.

இதைக் கஞ்சத்தனம் என்று திட்டுகிறவர்களுக்கு நிர்வாகக் கலை தெரியவில்லை என்று அர்த்தம். காசே செலவழிக்காமல் ஒரு கல்வித் திட்டத்தை நடத்துவதற்கு அசாத்திய மூளை வேண்டும். அந்த மூளை கண்டுபிடித்த மந்திரத்துக்குப் பெயர் கூட்டாண்மை. தேசியத் தகவலியல் மையம் மென்பொருள் எழுதும். என்சிஇஆர்டி பாடம் தரும். என்ஐஓஎஸ் தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும். ஒன்றிய அரசு 700 கோடி தரும், மாநிலங்கள் 337 கோடியே 90 லட்சம் தரும். எல்லோரும் பங்காளிகள். இந்தப் பட்டியலில் ஒரே ஓர் ஆளைக் காணோம் பாருங்கள்: ராத்திரி ஏழு மணிக்குத் தெருவிளக்கடியில் உட்கார்ந்து அந்த அம்மாவின் விரலைப் பிடித்து எழுதப் பழக்குகிற ஆள்.

அந்த ஆளுக்குத் ‘தன்னார்வலர்’ என்று பெயர் வைத்தாயிற்று. பெயர் வைத்துவிட்டால் சம்பளம் வைக்க வேண்டியதில்லை. திட்டத்தை அறிவித்தபோது அரசு போட்ட கணக்கு இது: பள்ளிப் பிள்ளைகள் சுமார் 3 கோடி பேர், ஆசிரியர்கள் 50 லட்சம் பேர், ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களிலும் கல்லூரிகளிலும் படிக்கிறவர்கள் 20 லட்சம் பேர், என்எஸ்எஸ், என்சிசி போன்ற அமைப்புகளின் தொண்டர்கள் 50 லட்சம் பேர். போதாதென்று அங்கன்வாடி ஊழியரும் ஆஷா பணியாளரும் தோள் கொடுப்பார்கள். இந்த நாட்டில் கூலி குறைவாகவோ கூலியே இல்லாமலோ வேலை வாங்கத் தோதான எல்லோரும் இந்த ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். ஒரு துணைச் செயலாளர்கூட இல்லை. கடமை உணர்வு என்பது சம்பள அடுக்கில் கீழே போகப்போகத்தான் ஊறும் போலிருக்கிறது.

இதற்கு முன்னால் ஒரு திட்டம் இருந்தது. 2009 செப்டம்பர் 8-இல் தொடங்கிய சாக்ஷர் பாரத். அதில் ஊராட்சிக்கு ஒரு கல்வி மையம், மையத்தை நடத்த இரண்டு பிரேரக்குகள் (ஊக்குநர்கள்), மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியம். அந்த இரண்டாயிரத்தையும் மாதக்கணக்கில் பாக்கி வைத்து, பல மாநிலங்களில் அவர்களைத் தெருவில் உட்காரவைத்தது நிர்வாகம். 2018 மார்ச் மாதத்தோடு திட்டத்துக்கே பூட்டு போட்டார்கள். அந்த அனுபவத்திலிருந்து அரசு கற்ற பாடம் என்ன? சம்பளத்தை ஒழுங்காகக் கொடு என்பதா? அல்ல. சம்பளம் என்று ஒன்று இருந்தால்தானே பாக்கி விழும் என்பது.

சரி, தன்னார்வலர் வந்துவிட்டார். கற்பவர் எப்படி வருவார்? செயலி வழியாக. 2023-இல் உல்லாஸ் என்று ஒரு செயலி விட்டார்கள். கணக்கெடுப்பவர் வந்து பெயர் சேர்க்கலாம். அல்லது, கையெடுத்துக் கும்பிட வேண்டிய ஏற்பாடு இது, கற்பவர் தாமே பதிவு செய்துகொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் செயலியைத் தரவிறக்கி, படிவத்தை வாசித்து, பெயரும் முகவரியும் தட்டச்சு செய்து, ஓடிபி வந்ததும் பார்த்துப் போட்டு, ‘எனக்கு எழுத்து தெரியாது’ என்று எழுத்தில் உறுதி சொல்ல வேண்டும். இதைச் செய்து முடிக்கிறவருக்கு வகுப்பு எதற்கு? நேரே சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

நடைமுறையில் யார் பதிவு செய்கிறார்கள் என்பது பள்ளிக்கூட வாசலில் நிற்கும் எவருக்கும் தெரியும். எமிஸ் என்னும் பள்ளித் தகவல் தளத்தில் நாள் முழுக்கத் தகவல் ஏற்றி அலுத்த அதே ஆசிரியர், மாலையில் இந்தத் தளத்திலும் ஏற்றுகிறார். மேலிருந்து டார்கெட் வரும். வட்டாரத்துக்கு இத்தனை கற்போர், பள்ளிக்கு இத்தனை கற்போர். எண்ணிக்கை எட்டவில்லையென்றால் வாட்ஸ்அப் குழுவில் பள்ளியின் பெயர் சிவப்பில் வரும். எட்டிவிட்டால் அடுத்த டார்கெட் வரும். பாட்டிக்கு ‘க’னா எழுத வந்ததா என்று கேட்க அந்தக் குழுவில் யாருக்கும் நேரம் இருக்காது. கூட்டாண்மையில் கீழே இறங்குவது உத்தரவு, மேலே ஏறுவது எண். நடுவில் படிப்பு என்று ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எந்தப் பங்காளிக்கும் இல்லை.

தொழிற்பயிற்சிக்கு வருவோம். திட்டத்தின் ஐந்து அங்கங்களில் தொழில்திறன் மேம்பாடும் ஒன்று. எழுத்து கற்ற கையோடு, உள்ளூரில் பிழைக்க ஒரு தொழில். நல்ல யோசனைதான். யார் சொல்லித்தருவார்கள்? ‘ஒருங்கிணைப்பு’ மூலம். அதாவது அது பக்கத்து அமைச்சகத்தின் வேலை. பக்கத்து வீட்டின் லட்சணத்தையும் பார்த்துவிடுவோம். பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தை, 2015 முதல் 2022 வரையிலான காலத்துக்கு, தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆராய்ந்த அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. தணிக்கைக்கு எடுத்த சுமார் 95.9 லட்சம் பயனாளிகளில் 94 சதவீதத்துக்கும் அதிகமானோருக்கு, இணையதளத்தில் வங்கிக் கணக்கு எண் இருக்கவேண்டிய கட்டத்தில் பூஜ்யம், அல்லது வெறுமை. மிச்சம் இருந்ததிலும் ஒரே எண் பலருக்கு. சில இடங்களில் 1111 என்று வரிசையாக ஒன்றுகள். பயிற்சி பெற்றதற்கு ஆதாரமாக ஏற்றிய படங்களிலும் ஒரே முகம் பல பெயர்களில். எண்ணறிவில் ஒன்றோடு நின்றுபோன யாரோ அந்தத் தளத்தை நிரப்பியிருக்கிறார்கள். அவரை முதலில் நம் முதியோர் வகுப்பில் சேர்க்க வேண்டும்.

இத்தனைக்கும் தளம் ஒரு தவறும் செய்யவில்லை என்பார்கள். பதிவு ஆயிற்று, பயிற்சி ஆயிற்று, சான்றிதழ் ஆயிற்று. திரையில் எல்லாக் கட்டமும் பச்சை. கம்மாளப்பட்டறையில் சம்மட்டி அடிக்கிறவனும் இல்லை, இரும்பும் இல்லை. ஆனால் துருத்தி மட்டும் ஓயாமல் ஊதுகிறது.

‘தன்னார்வலர்களை வைத்து நடத்துவதில் என்ன தப்பு? அறிவொளி எழுத்தறிவு இயக்கம் அப்படித்தானே நடந்தது?’ என்று விவரம் தெரிந்த சிலர் மடக்குவார்கள். நல்ல கேள்வி. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி தொடங்கியபோது கற்றுக்கொடுத்தவர்கள் சம்பளம் வாங்கவில்லைதான். ஆனால் அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் ஓட்டுவதை எழுத்தறிவோடு சேர்த்துவிட்டார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு வழி செய்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் பெடலை மிதித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். கல்குவாரியில் கொத்தடிமையாய்க் கிடந்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிக் குத்தகை கிடைத்தது. கூலிக் கணக்கைச் சரிபார்க்க எண் தேவைப்பட்டது, மனு எழுத எழுத்து தேவைப்பட்டது. ஆகவே படித்தார்கள். அங்கே அரசு தன் அதிகாரத்தைக் கொண்டுவந்து ஏழையின் பக்கம் போட்டது, ஊர் தன் உழைப்பைப் போட்டது. அதற்குப் பெயர்தான் கூட்டு. இங்கே ஊர் உழைப்பைப் போடுகிறது, அரசு லாகின் ஐடி போடுகிறது.

யாருக்காக இந்த ஏமாற்று? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பதினைந்து வயதுக்கு மேற்பட்ட எழுத்தறியாதவர்கள் 25.76 கோடி. அதில் 16.68 கோடிப் பேர் பெண்கள். சாக்ஷர் பாரத் சான்றிதழ் வாங்கிய 7.64 கோடியைக் கழித்து, மீதி 18.12 கோடி என்று அரசே சொன்னது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் எண்ணிப் பார்க்கவே இல்லை. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த ஆண்டு நடக்கவில்லை. அந்தப் பெண்கள் படிக்காமல் போனது அவர்கள் சோம்பேறித்தனத்தால் அல்ல. தம்பியைப் பார்த்துக்கொள்ள நிறுத்தினார்கள். களையெடுக்க நிறுத்தினார்கள். பள்ளிக்கூடம் தூரம் என்று நிறுத்தினார்கள். சிறுமியாய் இருந்தபோது இந்தக் குடியரசு அவளுக்குப் பட்ட கடன் அது. ஐம்பது வயதில் அதைத் திருப்பிக் கேட்டால், இன்னொரு வீட்டுச் சிறுமியின் கையில் செல்போனைக் கொடுத்து, ‘நீ போய்ச் சொல்லிக்கொடு, இது சேவை’ என்கிறது. அவளுக்கும் கடன், இவளுக்கும் கடன், கடனாளி மட்டும் மேடையில் நின்று மாலை வாங்கிக்கொள்கிறான்.

தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிடலாம். 150 மதிப்பெண், வாசிக்க 50, எழுத 50, கணக்குக்கு 50. பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்து, காகிதத்தில், பேனாவால் எழுதுகிறார்கள். பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு வருகிற பாட்டிகள் பயபக்தியோடு எழுதுகிறார்கள். இந்த மொத்த ஏற்பாட்டிலும் மோசடி கலக்காத மனுஷி அந்தப் பாட்டி ஒருத்திதான். அவளை மதிக்கிற அரசு என்ன செய்யும்? ஊராட்சிக்கு ஓர் ஆசிரியரைச் சம்பளத்தோடு போடும். மின்விளக்கு எரிகிற ஓர் அறையைத் தரும். நடுவில் நின்றுபோனவரை யார், எதனால் என்று வீட்டுக்கே போய்க் கேட்கும். செயலி அந்த ஆசிரியரின் கைக்குக் கருவியாய் இருக்கும், அவருடைய இடத்தில் போய் உட்காராது.

ஆனால் இந்த அரசு அதைவிட மலிவான வழியைக் கண்டுபிடித்துவிட்டது. 2024-இல் கல்வி அமைச்சகம் ஒரு வரையறை வெளியிட்டது: ஒரு மாநிலம் 95 சதவீத எழுத்தறிவை எட்டிவிட்டால் அது முழு எழுத்தறிவுக்குச் சமமாகக் கருதப்படலாம். எண்ணறிவு கற்பிக்கிற திட்டத்தில் 95-ம் 100-ம் ஒன்று! அந்த ஐந்து சதவீதத்துக்குள் இருப்பது யார்? மலைமேல் இருப்பவள், செங்கல் சூளைக்கு ஊர்விட்டு ஊர் போகிறவள், கண் மங்கியவள், ஊரே ஒதுக்கி வைத்தவள். ஒரே சுற்றறிக்கையில் அவர்கள் எல்லோரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாகிவிட்டார்கள், பலகையைத் தொடாமலே.

இந்தக் கணக்கு சரி என்று நம்புகிற அதிகாரிகளுக்கு ஒரு சிறிய செய்முறைப் பயிற்சி. அடுத்த மாதச் சம்பளப் பட்டியலில் உங்களுக்கு 95 சதவீதம் மட்டும் போட்டு, ‘இது முழுச் சம்பளத்துக்குச் சமமாகக் கருதப்படலாம்’ என்று கீழே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கழித்தல் கணக்கு உங்களில் எத்தனை பேருக்கு நன்றாகத் தெரியும் என்பது அன்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும்.