கட்டைவிரல் முதலாளி

கோவை கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ பட்டறை வைத்திருக்கும் கட்டைவிரல் முதலாளியை அடையாளம் காண்பது எளிது. "அண்ணா, போன மாசத்துப் பாக்கி எப்பங்க வரும்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டால் ஒரு கும்பிடு வரும். "வெள்ளிக்கிழமை ஆள் அனுப்பட்டுங்களா?" என்றால் உயர்த்திய கட்டைவிரல். போன ஆள் வெறுங்கையோடு திரும்பிவிட்டார் என்று எழுதினால் மறுபடியும் கும்பிடு, இம்முறை மூன்று. "பாவம், அவருக்குத் தமிழில் தட்டச்சு வராது" என்று பரிந்து பேசுவோர் உண்டு. அவருக்கு வரவேண்டிய பாக்கி என்றால் மட்டும் பில் நம்பர், தேதி, ஜிஎஸ்டி எல்லாம் பைசா பிசகாமல் வந்துவிடுகின்றன. ஆகவே இது சோம்பல் இல்லை. பதில் சொல்லாமலே பதில் சொன்ன பெயரை எடுக்கும் தொழில்நுட்பம். 1999இல் ஜப்பானின் ஷிகெடகா குரிடா 176 எமோஜிகளை வடிவமைத்தது, சின்னத் திரையில் செய்தியைச் சுருக்கமாகச் சொல்வதற்கு. நம்மவர் அதைச் சொல்லாமல் இருப்பதற்குப் பழக்கிவிட்டார்.

சட்டமும் அவருக்கு ஓரளவு துணை. வாட்ஸ்அப் குழுவில் அதிகாரி ஒருவரின் கொலைச் செய்திக்குக் கட்டைவிரல் போட்டு வேலையிழந்த ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலரின் வழக்கில், அது கொண்டாட்டம் ஆகாது, செய்தியைப் பார்த்ததன் அடையாளமாகக் கொள்ளலாம் என்று 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. 2023இல் கனடாவின் சஸ்காட்செவன் நீதிமன்றமோ, ஆளிவிதை ஒப்பந்தத்துக்கு விவசாயி அனுப்பிய அதே விரலைக் கையெழுத்தாகவே ஏற்று, 82,000 டாலருக்கு மேல் இழப்பீடு கட்டச் சொன்னது. மதுரையில் 'பார்த்தேன்', கனடாவில் 'ஒப்புக்கொண்டேன்'. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் முதலாளி பட்டறை நடத்துகிறார்.

விரலால் பேசுவது கொங்கு நாட்டுக்குப் புதிதா, பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துத்தானே விலை பேசுகிறார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அங்கே ஒவ்வொரு விரலுக்கும் கணக்கு உண்டு. ஊருக்கு மறைத்து எதிராளிக்குச் சொல்கிறார்கள். இவர் எதிராளிக்கு மறைத்து ஊருக்குக் காட்டுகிறார். கும்பிடாவது மரியாதைதானே என்றால், அதையும் மறுப்பதற்கில்லை: அந்தக் கும்பிடு இல்லாவிட்டால் பேச்சே முறிந்து, பாக்கியோடு அடுத்த ஜாப் ஒர்க்கும் போய்விடும். அதனால்தான் கடன் கொடுத்தவரும் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் கும்பிடு போடுகிறார். மரியாதைக்குக் குறைவில்லை, குறைவது தேதி மட்டும். அதற்கும் எமோஜி இல்லாமல் இல்லை. ஆப்பிள் கைபேசியின் நாட்காட்டிப் படத்தில் ஜூலை 17 என்று தேதியே போட்டிருக்கிறது. எந்த வருடம் என்றுகூட இல்லை. இருந்தும் அதை அவர் அனுப்பமாட்டார். தேதி கொடுத்தால் வாக்குக் கொடுத்ததாகிவிடுமே!