கல் எடை கழித்து எட்டாம் நம்பர்

விழுப்புரத்தில் எதை வாங்கினாலும், "திண்டிவனத்துல இதவிட மலிவாக் கெடைக்குமே" என்று சொல்ல ஓர் ஆள் தயாராக இருப்பார். திண்டிவனத்தில் வாங்கினால், "ஒரு எட்டு பாண்டிக்குப் போயிருக்கலாமே" என்பார் இன்னொருவர். ஃபிளை ராட் விஷயத்தில் மட்டும் இரண்டு ஊர்களும் ஒற்றுமையாக இருக்கின்றன. இரண்டிலும் கிடைக்காது. தூண்டில் முள் கிடைக்கும், நைலான் நரம்பு கிடைக்கும், தக்கையும் ஈயக்குண்டும் கிடைக்கும், இழுக்க இழுக்க நீளும் சீனக் கம்பு பாலிதீன் உறையில் தொங்கும். "ஃபிளை ராட் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் யோசித்துவிட்டு, சார்ஜ் போடும் கொசு பேட்டை எடுத்து நீட்டுவார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. சாதாரணத் தூண்டிலில் முனையில் கனம் இருக்கும். அதை வீசினால் நரம்பு பின்னாலேயே போகும். குழந்தைக்கும் புரிகிற சங்கதி. ஃபிளை தூண்டிலில் முனையில் இருப்பது இறகும் நூலும் சுற்றிக் கட்டிய போலிப் பூச்சி. அதற்கென்று எடை கிடையாது. ஆகவே லைனைக் கனமாகச் செய்து, அந்த லைனை முன்னும் பின்னும் வீசி, அதன் வேகத்தில் பூச்சியைக் கொண்டுபோய் இறக்குகிறார்கள். வெள்ளைக்காரர்கள் நீலகிரியில் டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டதே இந்த விளையாட்டுக்காகத்தான். 1860-களில் பிரான்சிஸ் டே முயன்று பார்த்துக் கைகூடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் காலத்தில்தான் டிரவுட் அங்கே நிலைத்தது. குளிர்ந்த ஓடை, கொசு அளவு பூச்சி, விரல் தடிமன்கூட இல்லாத ராட். படம் பிடித்து மாட்டலாம்.

நம் பக்கத்து ஏரியில் டிரவுட் இல்லை. விரால் இருக்கிறது. அல்லி இலைக்கு அடியிலோ, ஆகாயத் தாமரைக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளியிலோ அசையாமல் கிடக்கும். அவ்வப்போது மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுப் போகும். காற்றைச் சுவாசிக்கிற மீன் என்பதால்தான் சந்தையில் ஈரத் தொட்டியில் உயிரோடு துள்ளிக்கொண்டிருக்கிறது. இது கொசு அளவுப் பூச்சிக்கெல்லாம் கண் திறக்காது. தவளை வேண்டும். அல்லது தவளை என்று அது நம்பும்படியான ஒன்று.

அந்த ஒன்றைக் கட்டுவது தனிக் கலை. மேல்நாட்டில் மான் முடியை அடைத்துக் கட்டிக் கத்தரிக்கிறார்கள். நம் ஊரில் வீட்டில் மான் முடி வைத்திருந்தால் விரால் வருவதற்குள் வனத்துறை வந்துவிடும். எனவே உடம்புக்கு அறுந்த ஹவாய் செருப்பில் வெட்டிய ரப்பர், கால்களுக்கு முயல் ரோமப் பட்டை, ஓரத்துக்குச் சேவல் இறகு, ஆழத்தில் இறக்க வேண்டுமானால் ஈயக் கண் இரண்டு. பாசியில் சிக்காமலிருக்க முள்ளுக்கு முன்னால் தடித்த நைலானில் ஒரு வளையம். கட்டி முடித்து உள்ளங்கையில் வைத்தால் கோலி அளவில் ஒரு ஜந்து நம்மைப் பார்க்கும். இதைத் தூக்கிப் போட எந்த ராட்? இங்கேதான் ஊர் கூடுகிறது.

ஃபிளை ராட்டுக்கு நம்பர் உண்டு. ஒன்றில் தொடங்கிப் பன்னிரண்டையும் தாண்டிப் போகும். "பெரிய ஃபிளைதானே மாமா, பன்னெண்டாம் நம்பரே வாங்கிடுங்க. ஒரேயடியா முடிஞ்சிடும்" என்றான் திண்டிவனத்து மச்சான். அவன் போர்வெல் மோட்டாரையும் இப்படித்தான் வாங்குவான். பன்னிரண்டாம் நம்பரைக் கடலில் ஆளுயர மீனைப் பிடிக்கிறவர்கள் தூக்குகிறார்கள். காலையில் அதைச் சுழற்ற ஆரம்பித்தால் பத்து மணிக்கு டீ கிளாஸைத் தூக்க இன்னொரு கை தேவைப்படும்.

உண்மையில் அந்த நம்பர் ராட்டின் பலத்தைச் சொல்வதே இல்லை. அது லைனின் எடை. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தூண்டில் உற்பத்தியாளர் சங்கத்தார் உட்கார்ந்து, லைனின் முதல் 30 அடி எத்தனை கிரெயின் இருக்கிறது என்று நிறுத்து, அதற்கு ஏற்ப நம்பர் வைத்தார்கள். ஐந்துக்கு 140 கிரெயின், எட்டுக்கு 210, பத்துக்கு 280, பன்னிரண்டுக்கு 380. கிரெயின் என்பது வாற்கோதுமை மணியை வைத்து வந்த பழைய நிறுவை. நம் குன்றிமணிக்கு ஒன்றுவிட்ட தம்பி. இதைப் பவுனில் போட்டால்தான் நமக்கு விளங்கும். ஐந்தாம் நம்பர் ஒரு பவுனுக்குச் சற்றே மேல். எட்டாம் நம்பர் ஒன்றே முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. பத்து, இரண்டேகால் பவுன். பன்னிரண்டு, மூன்று பவுனும் பொட்டும். மச்சானிடம் இப்படிச் சொன்னதும் அவன் சட்டென்று பவ்யமாகிவிட்டான்.

பவுன் என்று வந்தபிறகு ஆசாரியிடம் போவதுதானே முறை? லைனின் எடை தெரிந்துவிட்டது. அது சுமக்க வேண்டிய ஜந்தின் எடை தெரிய வேண்டாமா? மாமனார் வீட்டுக்குப் பின்தெருவில் ஒரு நகைப் பட்டறை இருக்கிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் மின்தராசு. காற்றுப் பட்டால் எண் ஆடும் என்று எடை போடும்போதெல்லாம் மின்விசிறியை நிறுத்திவிடுவார் ஆசாரி. டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து வைத்தேன்.

"என்னா சார் இது, எலிக்குட்டியா?"

"விராலுக்குங்க."

இடுக்கியால் பிடித்துத் தட்டில் வைத்தார். 1.620. அடுத்தது ஈயக் கண் வைத்தது. 2.940. ஆசாரி அதைத் திருப்பிப் பார்த்து, தொழில் சுத்தமாகக் கேட்டார்: "கல்லு வெச்சதா இருக்குது. கல் எடை கழிச்சிச் சொல்லட்டுங்களா?"

கழிக்க வேண்டாம் என்றேன். கழிக்காமல் எடை சொல்லச் சொல்லும் வாடிக்கையாளரை அவர் அன்றுதான் பார்த்திருப்பார். பிறகு முதல் உருப்படியைத் தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடியும் வைக்கச் சொன்னேன். "ஈரத்தோட எடை போடற பழக்கமே இல்லீங்க, பேரு கெட்டுப்பூடும்" என்று மறுத்தவர், கடைசியில் ஒரு துண்டுக் காகிதத்தைத் தட்டில் விரித்து, அதன் எடையைப் பூஜ்யமாக்கி, வைத்தார். 1.620 ஆக இருந்தது நாலு கிராமைத் தொட்டது. முயல் ரோமம் அவ்வளவு குடிக்கிறது.

"தண்ணியில முக்கினா ரெண்டு மடங்குக்கு மேல ஏறுதே! இதுக்குச் சேதாரம் எவ்ளோ போடறாங்க?"

"மரத்துக்கு ஒண்ணு போகும்" என்றேன்.

ராட் என்ன விலை என்றும் விசாரித்தார். அமெரிக்காவில் ஆயிரம் டாலரைத் தொடும் ராட்டெல்லாம் உண்டு என்றேன். "அந்தக் காசுக்கு நகை எடுத்தா பெட்டியில இருக்கும் சார். அத வெச்சி மீனும் வாங்கலாம்" என்றார். இந்த வாதத்துக்கு உலகத் தூண்டில்காரர்கள் யாரும் இதுவரை பதில் சொன்னதில்லை.

ஆனால் பட்டறைத் தராசு ஒன்றைத் தெளிவாக்கிவிட்டது. நாலு கிராம் என்பது அரைப் பவுன். ஒரு பவுன் லைன் அரைப் பவுன் தவளையைச் சுமக்க முடியாது. பாதி வழியில் இறக்கிவிட்டுவிடும், பெரும்பாலும் நம் தலையில். எட்டாம் நம்பர் லைன் முக்கி முனகிக் கொண்டுபோகும். ஒன்பது சௌகரியம். பத்து, காற்று பலமாக அடிக்கிற நாளுக்கு. அதற்கு மேல் எதுவும் நம் ஏரிக்குத் தேவையில்லை.

வரிசை இதுதான்: முதலில் மீன், பிறகு அது வாய் வைக்கும் பொருள், அதைச் சுமக்கும் லைன், கடைசியில் அந்த லைனுக்கு ஏற்ற ராட். உலகம் முழுக்க எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ராட்டை வாங்கி ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டு, அதற்கேற்ற லைன் தேடி, அந்த லைனுக்கேற்ற ஃபிளை தேடி, அதைத் தின்னும் மீனைத் தேடிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள்.

அடுத்த சண்டை விறைப்பு. கடை விளம்பரங்களில் 'ஃபாஸ்ட் ஆக்‌ஷன்' என்று இருக்கும். நுனி மட்டும் வளையும், மற்றதெல்லாம் திருவக்கரைக் கல்மரம் மாதிரி. கனத்த ஃபிளைக்கு விறைத்த ராட் என்றுதான் யாருக்கும் தோன்றும். பாசிக்குள் புகுந்த விராலை வெளியே இழுக்க அடிப்பகுதியில் முதுகெலும்பு வேண்டும், அது வாஸ்தவம். ஆனால் வீசும்போது அந்த விறைப்பு அவசரப்படுத்தும். லைன் பின்னால் முழுசாக நீண்டு, அதன் கடைசியில் தவளையும் போய்ச் சேர்ந்த பிறகுதான் முன்னால் வீச வேண்டும். அது போய்ச் சேரும் முன்பே இழுத்தால் 'வெடுக்'கென்று திரும்பி வந்து காதோரம் ரீங்காரமிடும். நடுவரை வளைகிற ராட், கையைச் சற்று நிதானிக்க வைக்கும். பின்னால் பக்கவாட்டில் தாழ்வாகக் கொண்டுபோய், முன்னால் தலைக்கு மேலாக வட்டமடித்துக் கொண்டுவருவது இன்னும் உத்தமம். லைன் எங்கும் தொய்யாது. தவளையும் வந்த வழியே திரும்பாது. லைனில் கனம் முன்பக்கம் குவிந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். அதன் நுனியில் கட்டும் நரம்பு நீளம் குறைவாக, தடிமனாக இருக்க வேண்டும். டிரவுட்டுக்குக் கட்டுகிற மாதிரி பத்தடிக்கு மெல்லிசாகக் கட்டினால், தவளை தன் இஷ்டத்துக்குப் போகும்.

இத்தனை சாத்திரமும் ஏரிக்கரையில் ஒரு பெரியவர் முன்னால் கரைந்துபோகும். அவரிடம் பன்னிரண்டடி மூங்கில் கழி. நுனியில் தடித்த நரம்பு, முள்ளில் நிஜத் தவளை. கழியை நீட்டுகிறார், இலைகளுக்கு நடுவே தவளையை இரண்டு தட்டுத் தட்டுகிறார், 'மொளுக்'கென்று சத்தம், விரால் கரையில். நான் வீசுவதை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னாத்துக்குப்பா முன்னயும் பின்னயும் ஆட்டிக்கினு கெடக்கற? மீனு முன்னாலதான இருக்குது?"

அவர் கழியையும் இளக்காரமாகப் பார்க்க முடியாது. அதற்குக் கப்பலேறிய வம்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கைவினைஞர்கள் மூங்கிலைப் பிளந்து, ஆறு பட்டைகளாகச் சீவி ஒட்டி ராட் செய்தபோது, முதலில் அவர்களுக்குப் போனது இந்திய மூங்கில்தான். 'கல்கத்தா கேன்' என்றே பெயர். பிறகுதான் தென்சீன மூங்கில் அதை ஓரங்கட்டியது. அதைக் கண்ணாடி நார் ஓரங்கட்டியது. 1973-இல் ஃபென்விக் கம்பெனி கார்பன் ராட்டைக் கடைக்குக் கொண்டுவந்தபின் மற்றவை அலமாரிக்குப் போயின. இன்றைக்கு ஒன்பதடி எட்டாம் நம்பர் ராட் சுமார் நூறு கிராம். அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகளும் நம் ஏரிகளை விட்டுவைக்கவில்லை. சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873-இல் 'தி ராட் இன் இந்தியா' எழுதியது போதாதென்று, குளம் ஏரிகளில் தூண்டில் போடுவதற்கென்றே 1887-இல் 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்று இன்னொரு புத்தகம் போட்டார். ஜமாபந்திக்கு நடுவே எப்படி நேரம் கிடைத்தது என்பதை வருவாய்த் துறையினர்தான் விளக்க வேண்டும்.

கார்பனில் ஒரு வில்லங்கம் உண்டு. அது மின்சாரத்தைக் கடத்தும். நம் ஏரிக்கரைகளில் பம்புசெட்டுக்குப் போகும் மின்கம்பி கைக்கெட்டும் தூரத்தில் தொய்ந்து கிடப்பது சகஜம். கம்பிக்குக் கீழே ஒன்பதடி கார்பனைத் தூக்குகிறவர் கடைசியாக வீசியது அதுவாகத்தான் இருக்கும். மற்றபடி பின்னால் இருக்கும் ஆபத்துகள் சில்லறை: கருவேலம், வேலிக்காத்தான், பனைமட்டை, மேயும் ஆடு, வண்டியை நிறுத்திவிட்டு 'என்னா சார் பண்றீங்க' என்று நெருங்கி வருகிற நாலு பேர். ஒன்பதடிக்கு மேல் நீளம் வேண்டாம் என்று நான் சொல்வது இவர்களுக்காகத்தான். ஆட்டுக்குச் சொந்தக்காரர் சேதாரத்தோடு செய்கூலியும் சேர்த்துக் கேட்பார்.

எங்கே போடுவது? வராக நதிக்குக் குறுக்கே 1959-இல் கட்டிய வீடூர் அணை பக்கத்திலேயே இருக்கிறது. மரக்காணம் பக்கம் கழுவெளி இருக்கிறது. கழுவெளியை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். அங்கே நீட்டி மீன் பிடிக்கும் உரிமை கொக்குக்கு மட்டும். மற்ற நீர்நிலைகளில் மீன் குத்தகைக்காரர் யாரென்று கேட்டு, அவரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டியபோது கேட்காமலேயே மீன்கள் வீதிக்கு வந்தன. அப்படியொரு வசதி இனி யாருக்கும் வேண்டாம். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தண்ணீரில் கொதிப்பதுபோல் நகர்ந்தால், அடியில் காவலுக்குத் தாய் தகப்பன் விரால் நிற்கும். எதைப் போட்டாலும் சீறிக் கடிக்கும். அதைப் பிடிப்பதில் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. குஞ்சுகள் மறுநாளே கெண்டைக்கும் கொக்குக்கும் தீனியாகிவிடும். விட்டுவிடுங்கள்.

ஆக, ஒன்பதடி, எட்டு அல்லது ஒன்பதாம் நம்பர், நடுவரை வளைகிற ராட், முன்கனத்த லைன், குட்டையான தடித்த நரம்பு. கண்ணுக்குக் கண்ணாடி, தலைக்குத் தொப்பி. இவை இரண்டும் அலங்காரத்துக்கு அல்ல. யாராவது "எந்த ராட் வாங்கலாம்?" என்று கேட்டால், கட்டிய தவளையை எடுத்துக்கொண்டு முதலில் பட்டறைக்குப் போகச் சொல்கிறேன். ஈரத்தோடு நிறுத்துப் பார்க்கட்டும். கல் எடையை மட்டும் கழிக்க விடவேண்டாம். ஆசாரி கழிப்பார், பின்மண்டையில் வந்து படும்போது அது கழித்துக்கொண்டு வராது.