கண்டிச் சீமைத் தகரப் புராணம்

கண்டி ராஜ்ஜியத்தில் கடைக்குப் போர்ட் கிடையாது. அரசன் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பறை அடிக்கச் சொல்வான். அந்தச் சத்தம் எட்டும் தூரம் வரைதான் சட்டம். அதற்கப்பால் குடியிருந்தவன் பாக்கியசாலி. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், மதுரை நாயக்க வழியில் வந்த கண்ணுசாமி, 1807இல் வயல்வெளியை அணைகட்டி ஊருக்கு நடுவே ஒரு குளத்தையே உண்டாக்கத் தொடங்கினார். இவ்வளவு செய்துவிட்டு, 'இன்னாரின் உபயம்' என்று கரையில் ஒரு கல்லை நட அவருக்குத் தோன்றவில்லை. இன்றைக்குப் பஸ் தரிப்பிடத்துக்குத் தகரக் கூரை போட்டுக் கொடுக்கும் அரசியல்வாதி, கூரையைவிடப் பெரிய போர்டில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். இவரல்லவா ஆளத் தெரிந்தவர்!

போர்ட் மாட்டும் கலையை ஊருக்குக் கொண்டுவந்தவன் வெள்ளைக்காரன். 1815 மார்ச் 2ஆம் தேதி அரண்மனையின் மகுல் மடுவ மண்டபத்தில், ராஜ்ஜியத்தைப் பிரிட்டிஷாருக்கு எழுதிக் கொடுத்த கண்டி ஒப்பந்தம். பேச்சு முடிவதற்குள் பிரிட்டிஷ் கொடியை ஏற்றிவிட்டார்கள். வாடகை பேசி முடியுமுன்பே போர்டை மாட்டிவிடுகிற பழக்கம் அப்போதே தொடங்கியாயிற்று. வாரியபொல சுமங்கல தேரர் அந்தக் கொடியை இழுத்துக் கீழே போட்டார் என்பது வழிவழியாக வரும் கதை. உண்மையென்றால், பெயர்ப்பலகையில் கைவைக்கும் கண்டி மரபின் மூலபுருஷர் அவர்தான். அதே ஒப்பந்தத்தில் கண்டிப் பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நாயக்கர் அரண்மனையில் தமிழ் புழங்கியதால் அது யாருக்கும் அதிசயமாகப் படவில்லை. இந்த விஷயத்தை வாசகர்கள் மனதில் முடிந்து வைத்துக்கொள்ளவும், 1958இல் தேவைப்படும்.

பிறகு ரோட்டு வந்தது. மலையைத் துளைத்துக்கொண்டு வருகிறவனே கண்டியைப் பிடிப்பான் என்று பழைய சோதிடம் ஒன்று உண்டாம். வெள்ளைக்காரன் முதலில் கண்டியைப் பிடித்துவிட்டு, சோதிடம் பொய்த்துவிடக் கூடாதே என்ற மரியாதையில், பிற்பாடு கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்தான். ரோட்டை அமைத்த கப்டன் டோசன் 1829இல் இறந்துபோனார். 1832இல் அவர் நினைவாகக் கடுகண்ணாவை உச்சியில் ஒரு கோபுரம் எழுப்பி, அவருடைய அறிவையும் திறமையையும் புகழ்ந்து கல்வெட்டும் பதித்தார்கள். கொழும்பு - கண்டி வீதியில் தூரத்திலிருந்தே கண்ணில் படும்படி நட்ட முதல் விளம்பரம் என்று அதைத்தான் சொல்லவேண்டும். ராஜகாரியம் என்ற பெயரில் கூலியில்லாமல் பாறை உடைத்தவர்களின் பெயரை எழுத அத்தனை பெரிய கோபுரத்தில் இடம் போதவில்லை.

ரோட்டை முடித்த கையோடு தெருக்களுக்குப் பெயர் சூட்டினார்கள். தேசாதிபதி பிரவுன்ரிக் ஒரு தெருவைப் பிடித்துக்கொண்டார், தேசாதிபதி வோர்ட் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டார். தேசாதிபதிகளின் சீமாட்டிகளுக்கு உடவத்தகலைக் காட்டுப் பாதைகள். லேடி ஹோர்ட்டன், லேடி டொரிங்டன், லேடி கோர்டன், லேடி அண்டர்சன் என்று காடு முழுக்கச் சீமாட்டிகள். இதில் லேடி ஹோர்ட்டன் லேசுப்பட்டவரல்ல. 1814இல் லண்டன் விருந்தொன்றில் கறுப்பு உடையில் வந்த அவரைப் பார்த்துத்தான் கவிஞர் பைரன் தன் புகழ்பெற்ற அழகுக் கவிதையை எழுதினார். அப்பேர்ப்பட்ட அழகியின் பெயரைக் கடைசியில் கொண்டுபோய் எங்கே மாட்டினார்கள் பாருங்கள்: மழை பெய்தால் அட்டை காலைப் பிடிக்கும் ஒரு காட்டுப் பாதையில். சுதந்திரத்துக்குப் பிறகு வோர்ட் தெரு தலதா வீதியாயிற்று, திருகோணமலைத் தெரு டி.எஸ். சேனாநாயக்க வீதியாயிற்று. சீமாட்டிகள் மட்டும் அப்படியே காட்டில் இருக்கிறார்கள். அட்டைக்குப் பயந்து அந்தப் பக்கம் தேசப்பற்று போகவில்லை போலும்.

தோட்டத்துப் போர்டுகள் தனி ரகம். புஸ்ஸல்லாவையில் ராத்ஸ்சைல்ட் என்றே ஒரு தோட்டம். அதைத் திறந்த வோர்ம்ஸ் சகோதரர்களுக்குத் தாய்வழியில் ராத்ஸ்சைல்ட் குடும்பம். உலகத்துக்கே வட்டிக்குக் கொடுத்த குடும்பத்தின் பெயர் வாசலில். உள்ளே போனால் எட்டடி லயத்தில், ராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் நடந்து வந்தவர்கள் கங்காணியிடம் பட்ட கடனோடு. அந்தப் போர்ட் யாரை ஏமாற்ற என்று இன்றுவரை விளங்கவில்லை. லயத்தில் இருந்தவர்களுக்கு அதை வாசிக்கத் தெரியாது, ராத்ஸ்சைல்டோ வரவே மாட்டார்.

இடையில் அமெரிக்கர்களும் ஒரு தடவை வந்து போனார்கள். 1944இல் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தை டெல்லியிலிருந்து கிளப்பிப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். கூடவே அமெரிக்க உளவுப்படையும் கண்டியில் கடை விரித்தது. பிற்காலத்தில் அமெரிக்கர்களுக்குப் பிரெஞ்சுச் சமையல் சொல்லிக்கொடுத்துப் பெரும்பேர் வாங்கிய ஜூலியா சைல்ட் அப்போது இங்கேதான் கோப்பு அடுக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் ஊரில் அந்நேரம் மோட்டலுக்கும் மருந்துக் கடைக்கும் நியோன் போர்ட் எரிந்துகொண்டிருந்தது. நம்மூருக்கு அதில் ஒன்றாவது கொண்டுவந்திருக்கலாம். ஆனால் உளவுப்படைக்காரனிடம் போர்டை எதிர்பார்ப்பது நம்முடைய பிழை.

இனி 1958. இரண்டு வருடம் முன்னால் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1957இல் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ. அதே வருடம், தமிழருக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்த பண்டா - செல்வா ஒப்பந்தத்தை எதிர்த்து ஜே.ஆர். ஜயவர்தன கொழும்பிலிருந்து கண்டி தலதா மாளிகைக்குப் பாதயாத்திரை கிளம்பினார். கண்டிக்கு எழுபதுக்கு மேற்பட்ட மைல். அக்டோபர் 4ஆம் தேதி இம்புல்கொடையில் அரசாங்கத் தரப்பு எம்.பி. எஸ்.டி. பண்டாரநாயக்க ஆட்களோடு நடுரோட்டில் வழிமறித்தார், யாத்திரை அங்கேயே முடிந்தது. தலதா மாளிகைக்குக் கால்நடையாகக் கிளம்பி, கடுகண்ணாவை ஏற்றத்தைக் கண்ணால்கூடக் காணாமல் திரும்பிய ஒரே யாத்திரிகர் அவராகத்தான் இருப்பார்.

1958இல் ஸ்ரீ போட்ட புதிய பஸ்கள் யாழ்ப்பாணத்துக்குப் போனதும் அங்கே அந்த எழுத்தின்மேல் தார் பூசினார்கள். பதிலுக்குக் கொழும்பிலும் தெற்கிலும் தமிழ்ப் போர்டுகள்மேல் தார் பூசினார்கள். நாட்டில் ரோட்டுக்கு இல்லாத தார் எழுத்துக்குக் கிடைத்தது. இப்போது அந்த முடிச்சை அவிழ்க்கலாம். தார்ச்சட்டிக்காரர்களுக்குக் கொஞ்சம் சரித்திரம் தெரிந்திருந்தால் நேரே ஆவணக் காப்பகத்துக்குப் போய், 1815 ஒப்பந்தத்தில் பிரதானிகளின் தமிழ்க் கையெழுத்துக்கும் ஒரு பூச்சு பூசியிருக்க வேண்டாமா? சரித்திரப் பாடத்தை ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்காததால் தப்பியது அந்தக் கடதாசி.

1983 ஜூலையில் தமிழர் கடைகளுக்குத் தாருக்குப் பதில் நெருப்பு வந்தது. அதில் எனக்குச் சிரிப்பு வராது. அதற்குப் பிறகு கடைப் பெயர்களில் வந்த மாற்றத்தை மட்டும் சொல்கிறேன்: தாத்தா பெயரிலும் குலசாமி பெயரிலும் இருந்த கடைகள் பலவும் லக்கி, ஸ்டார், நியூ, ரோயல் என்று ஆகிவிட்டன. லக்கியைப் பார்த்து எந்த மொழிக்காரன் கோபப்படுவான்? முருகன் உள்ளே கல்லாப்பெட்டிக்கு மேலே படமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

நியோன் விவகாரத்துக்கு வருவோம். 1898இல் ராம்சேயும் டிராவர்சும் லண்டனில் கண்டுபிடித்த வாயு அது. 1910இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் ஜோர்ஜ் கிளோட் அதைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து எரிய வைத்தார். ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்தால் செக்கச்செவேலென்று எரியும். நீலம் வேண்டுமென்றால் ஆர்கனும் பாதரசமும். அமெரிக்கச் சின்ன ஊர்களில் அணைந்துபோன நியோன் போர்டுகளுக்காக இன்று சங்கம் வைத்து அழுகிறார்கள். சின்சினாட்டியில் பழைய போர்டுகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது.

கண்டிக்கு நியோன் ஒட்டவில்லை. முதல் காரணம் கரண்ட். ஊருக்குப் பக்கத்தில் 210 மெகாவாட் விக்டோரியா அணை, 1985இல் திறந்தது. அதற்காகப் பழைய தெல்தெனியா நகரத்தையே, கடைத்தெருவோடு சேர்த்துத் தண்ணீருக்குக் கொடுத்தோம். கடும் வரட்சியில் தண்ணீர் வற்றினால் ஊரின் மிச்சம் மேலே வரும், கரண்ட் கீழே போய்விடும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் இருட்டில் உட்கார்ந்த நாட்டில் நியோன் போர்ட் மாட்டுகிறவனுக்குத் தைரியத்துக்கு மெடல் கொடுக்கலாம்.

இரண்டாவது காரணம் போட்டி. எசல பெரஹராவில் கொப்பரா பந்தம் வீதி முழுக்க எரிய, மின்விளக்குப் போர்வை போர்த்திய யானைகள் வரிசையாக நடந்து வரும் ஊரில், சுவரில் சிவப்பாக மினுங்கும் ஒரு குழாயை யார் நிமிர்ந்து பார்ப்பார்? வெசாக் பண்டிகை வந்தால் மின்விளக்குத் தோரணம். அதன் முன்பக்கத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பின்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு மர உருளை மெதுவாகச் சுற்றும். அதன்மேல் செப்புத் தகடுகள் அறைந்திருக்கும். தகடு கம்பியைத் தொட்டால் ஒரு வரிசை பல்பு எரியும், விட்டால் அணையும். 'சட்சட்' என்று நீலப் பொறி பறக்க, சாரம் கட்டிய ஒரு ஆள் கையில் டெஸ்டரோடு அதையே பார்த்தபடி நிற்பார். முன்னால் புத்தரின் தலைக்குப் பின்னே ஒளிவட்டம் சுழல்வது அவர் தயவில்தான். அடியில் பாங்குக்காரன் தன் பெயரை எழுதியிருப்பான். லாஸ் வேகாஸ்காரன் இதையெல்லாம் பார்த்ததில்லை.

நிறத்துக்குக் குறைவிருந்ததில்லை. நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்த எம்.ஜி.ஆர். தியேட்டர் பேனரில் ரோஸ் கன்னத்தோடு சொந்த மண்ணுக்குத் திரும்பி வந்தார். அவர் கன்னத்துக்கு ரோஸ் குழைத்த கையே தகரத்தில் எனாமல் பெயின்ட்டால் கடைப் பெயரும் எழுதும். நீலம் தோய்த்த நூலைச் சுண்டிக் கோடு போடுவார்கள். மேலே உருண்டையாகச் சிங்களம், நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம். தமிழ் எழுத்து மட்டும் எப்படியோ ஒரு சுற்று மெலிந்திருக்கும். பெரும்பாலும் பழைய போர்டுக்கு மேலேயே புதியதை எழுதுவார்கள். நாலு மழைக்காலம் போனால் அரிசிக் கடைக்கு அடியிலிருந்து சாராயக் கடை எட்டிப் பார்க்கும்.

அரசாங்கப் போர்டுகளுக்கு அந்த அதிர்ஷ்டமில்லை. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் வந்து தமிழும் அரசகரும மொழியாயிற்று. அன்று தொட்டுத் தமிழுக்கு இடம் இருக்கிறது, எழுதத்தான் ஆளில்லை. பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய ஆசனத்தின்மேல் 'கர்ப்பிணி நாய்மார்' என்று எழுதிய படம் ஊரெல்லாம் சுற்றியது. எழுத்தை வாசிக்காமல் வடிவத்தைப் பார்த்து வரைந்தால் த எங்கே, ந எங்கே? 2021இல் கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்து நூலகப் பலகையில் சிங்களம், ஆங்கிலம், சீனம் மூன்றும் இருந்தன, தமிழைக் காணவில்லை. கத்திய பிறகு கழற்றினார்கள். ஒரு விதத்தில் நல்லதுதான். இல்லாத எழுத்தில் பிழை வராதே.

இப்போது எல்லாம் ஃபிளெக்ஸ். சிகரெட் கம்பனி போட்டுக் கொடுத்த போர்டுகள் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இறங்கின. அந்த இடத்தில் சோடாக் கம்பனியும் போன் கம்பனியும் ஏறிக்கொண்டன. நிறம் அவர்களுடையது, படம் அவர்களுடையது, மூலையில் பொடி எழுத்தில் கடைக்காரர் பெயர். வெயிலில் வெளுத்ததும் கோழிக்கூண்டுக்குக் கூரையாகிவிடும்.

கண்டி மாநகர சபைக்கு ஒரு விண்ணப்பம். ஹந்தானையில் தேயிலைக்கு அருங்காட்சியகம் வைத்திருக்கிறோம். எங்காவது ஒரு மூலையில் பழைய தகரப் போர்டுகளுக்கும் நாலு சுவர் ஒதுக்கித் தாருங்கள், தார் பூசியதும் இருக்கட்டும். இன்னொன்று: புதிய போர்டை அச்சுக்கு அனுப்புமுன் மகியாவையில் எந்தத் தேத்தண்ணிக் கடையிலாவது கொண்டுபோய்க் காட்டுங்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் அங்கே காலை ஆறு மணிக்கே பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பிளேன்டிக்குத் திருத்திக் கொடுப்பார்கள்.