ஒருவர் கூடி எடுத்த ஒருமனதான முடிவு

உள்ளாட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடியுமுன்பே அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் கண்டிப்பாகச் சொல்லியிருக்க, தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் காலம் முடிந்த ஊரக அமைப்புகளில் 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரிலும், நகர்ப்புறங்களுக்கு 2022 பிப்ரவரியிலும்தான் வாக்குப்பெட்டி வந்து சேர்ந்தது. இடைக்காலத்தில் மன்றத்தின் அதிகாரம் முழுவதும் தனி அலுவலரிடம், அதாவது எவரும் வாக்களிக்காமல் அரசே அமர்த்திய அதிகாரியிடம், இருந்தது. பொருளை முன்வைப்பவரும் வழிமொழிபவரும் அவரே ஆதலால், வெளிநடப்போ கூச்சலோ இன்றித் தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின. தெருக்குழாய் உடைந்தால் எந்த உறுப்பினர் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதே மக்களுக்குப் புரியவில்லை. பெயர் மன்றத்துக்கு, அதிகாரம் அரசுக்கு என்ற நிலை ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளுக்கோ பழகியதுதான்: பெயர்ப்பலகை ஒன்றியத்தினுடையது, ஆசிரியர் நியமனமும் ஊதியமும் மாநிலக் கல்வித்துறையினுடையவை. 2019 டிசம்பர் தேர்தலில் வென்ற ஊரகப் பிரதிநிதிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. தேர்தல் வரவில்லை, தனி அலுவலர்கள் மீண்டும் வந்தனர்.