கண்ணைக் கட்டிப் பிரசவம்

1569இல் பிரான்சின் மதச்சண்டைக்குத் தப்பி, குடும்பத்தோடு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் வந்திறங்கினார் வில்லியம் சேம்பர்லன். பெயர் வைப்பதில் மனுஷர் மகா சிக்கனம். ஒரு மகன் பீட்டர். அவன் தம்பியும் பீட்டர். தம்பி பீட்டர் தன் மகனுக்கு யோசித்து யோசித்து வைத்த பெயரும் பீட்டர். பேரையே வெளியே விடாத குடும்பம் தொழிலை விடுமா?

தொழில், பிரசவம் பார்ப்பது. அந்தக் காலத்தில் குழந்தையின் தலை மாட்டிக்கொண்டால் கடைசியாக அறுவை வைத்தியரைக் கூப்பிடுவார்கள். அவர் கொக்கியோடு வருவார். கொக்கி வந்துவிட்டால் பிள்ளை போச்சு, தாயாவது பிழைக்கட்டும் என்று அர்த்தம். இந்த நிலைமையில்தான் சேம்பர்லன் வீட்டில் ஓர் இடுக்கி பிறந்தது. கண்டுபிடித்தவர் மூத்த பீட்டர் என்பது பொதுவான கணிப்பு. வளைந்த இரும்பு அலகுகள் இரண்டு. ஒவ்வொன்றாக உள்ளே விட்டுத் தலையின் இருபக்கமும் அணைத்து, வெளியே ஒன்றோடொன்று பூட்டி இழுத்தால் குழந்தை உயிரோடு வரும். “ஆயுதம் போட்டு எடுத்தாங்க” என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்த ஆயுதத்தின் கொள்ளுத்தாத்தா.

இதை ஊருக்குச் சொல்லியிருந்தால் எத்தனை தொட்டில் ஆடியிருக்கும்! சொன்னால் பலிக்காது என்று மூலிகைப் பெயரை மகன் காதில் மட்டும் ஓதும் நம்மூர் வைத்தியர்களையெல்லாம் இவர்கள் தூக்கிச் சாப்பிட்டார்கள். சித்திர வேலைப்பாடு செய்த பெரிய பெட்டியை இரண்டு பேர் தூக்கி வருவார்களாம். உறவினர் அத்தனை பேரும் வெளியே. வலியில் துடிப்பவளின் கண்ணைக் கட்டிவிடுவார்கள். இரும்புச் சத்தம் வெளியே கேட்காமலிருக்க மணியடிப்பார்கள், கட்டையால் தட்டுவார்கள் என்றும் கதை உண்டு. கதையில் பாதியைத் தள்ளிவிட்டாலும், நம் உடம்பில் என்ன செய்கிறார்கள் என்று நமக்கே தெரியக்கூடாது என்ற ஏற்பாடு மிச்சமிருக்கிறது. “ஊசி எதுக்கு டாக்டர்?” என்று கேட்டு முறைப்பு வாங்கியவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஏமாறாதவர்கள் லண்டனின் மருத்துவச்சிகள். 1634 வாக்கில் மூன்றாவது பீட்டர், அவர்களையெல்லாம் ஒரு சங்கமாக்கித் தானே பாடம் நடத்தி உரிமமும் தருவதாகக் கிளம்பினார். மருத்துவச்சிகள் மனுப் போட்டார்கள்: இவர் கருவியும் முரட்டுத்தனமும் இல்லாமல் பிரசவம் பார்ப்பதே இல்லை, இவர் வேலை வேறு, எங்கள் வேலை வேறு. திட்டம் படுத்தது. வாத்தியார் வேலைக்கு ஆசைப்பட்டவர் பெட்டியை மட்டும் கடைசிவரை திறக்கவில்லை.

அவர் மகன் ஹியூ ஒரு படி மேலே போனார். 1670இல் பாரிசுக்குப் போய், பிரசவ வைத்தியத்தில் பெரிய பெயரான மோரிசோவிடம் குடும்ப ரகசியத்தை 10,000 பிரெஞ்சு நாணயத்துக்கு விலை பேசினார். மோரிசோ லேசுப்பட்டவரா? சரக்கைச் சோதித்துப் பார்க்க ஒரு நோயாளியைக் காட்டினார்: 38 வயது, குள்ள உருவம், இடுப்பெலும்பு கோணி ஒடுங்கியவள். சில நிமிஷத்தில் முடிக்கிறேன் என்று உள்ளே போன ஹியூ மூன்று மணி நேரத்துக்கு மேல் போராடித் தோற்று வெளியே வந்தார். அவள் மறுநாள் இறந்தாள். பேரம் பேசியது இரண்டு ஆண்கள்; உயிரைக் கொடுத்தது அவள்.

ஊர் திரும்பிய ஹியூ, அதே மோரிசோவின் புத்தகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். முன்னுரையில் ஒரு பெருமை: கொக்கியில்லாமல் பிள்ளையை எடுக்கும் வித்தை ஐரோப்பாவிலேயே எங்கள் குடும்பத்துக்குத்தான் தெரியும். கூடவே ஒரு மன்னிப்பு: அப்பாவும் சகோதரர்களும் இதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள், நான் மட்டும் எப்படி வெளியே விட? வைத்திய நூலின் முன்னுரையில் இத்தனை நேர்மையைப் பார்ப்பது அரிது. பிற்பாடு நிலத்தை ஈடாகக் கொண்ட நிலவங்கி என்று ஒன்று ஆரம்பித்து, அதுவும் கவிழ்ந்து, ஹாலந்துக்கு ஓடினார். அங்கே ரகசியத்தை விற்றார் என்றும், ஜோடியில் ஓர் அலகைத்தான் விற்றார் என்றும் பேச்சு. 1753இல் ஆம்ஸ்டர்டாமில் புழங்கிவந்த அந்த ரகசியத்தை இரண்டு பேர் காசு கொடுத்து வாங்கி அம்பலப்படுத்தியபோது வெளிவந்ததோ ஒற்றை இரும்புப் பட்டை.

அதற்குள் இங்கிலாந்தில் காரியம் முடிந்துவிட்டது. 1733இல் எட்மண்ட் சாப்மன் இடுக்கியைப் பற்றிப் புத்தகத்திலேயே எழுதிவிட்டார். நூறு வருஷத்துக்கு மேல் காத்த ரகசியம் கடைச்சரக்கானது.

1813இல் எசெக்ஸில், மூன்றாவது பீட்டர் வாழ்ந்து மறைந்த வீட்டின் மாடிப் பலகைக்கு அடியில் ஒரு பெட்டி கிடைத்தது. உள்ளே அந்த இடுக்கிகள், சில கடிதங்கள், காகிதத்தில் பொதிந்த ஒரு பல். “என் கணவரின் கடைசிப் பல்” என்று அந்தக் காகிதத்தில் குறிப்பு. பல்லுக்குச் சீட்டு எழுத மனம் வந்த வீட்டில், இடுக்கியைப் பற்றி ஊருக்கு நாலு வரி எழுத ஒரு பீட்டருக்கும் கை வரவில்லை.