பிழையை யார் தலையில் கட்டுவது?

வியாழனும் சனியும் கணக்குப் போட்ட இடத்தில் நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தன. ஏன் என்று சொல்பவருக்கு 1748-இல் பரிசு என்றது பாரிஸ் அறிவியல் கழகம். கணித மேதை ஆய்லர் உட்கார்ந்தார். கண்டுபிடிக்க வேண்டிய எண்கள் எட்டு. கையில் சமன்பாடுகள் 75. நிறைய இருந்தால் நல்லதுதானே? ஆய்லருக்கோ அடிவயிறு கலங்கியது. ஒவ்வொன்றிலும் ஒரு பிழை ஒளிந்திருக்க, சேர்க்கச் சேர்க்க அதுவும் பெருகாதா? பாதியிலேயே கையை விரித்தார். பரிசு? அவருக்கேதான். பெரிய இடம்!

நிலாவின் தள்ளாட்டத்தை அளந்த டோபியாஸ் மாயருக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. 27 சமன்பாடுகளை ஒன்பது ஒன்பதாக மூன்று கட்டுக் கட்டினார், கட்டுக்குள் கூட்டினார், வேண்டிய மூன்று எண்களைக் கறந்துகொண்டு போய்விட்டார். பிழைகள் உள்ளேயே அடித்துக்கொண்டு சாகட்டும் என்ற தெம்பு.

பாவம், மெஷேன். மீட்டரின் நீளத்தை முடிவுசெய்ய டன்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரை பூமியை அளந்த இருவரில் ஒருவர். பார்சிலோனாவில் இரண்டு இடங்களில் பார்த்த அட்சரேகைக் கணக்கு சுமார் மூன்று விகலை உதைத்தது. மனுஷன் யாரிடமும் மூச்சு விடவில்லை. அதையே நினைத்து மருகி, மறுபடி அளக்கப் போன ஸ்பெயினில் 1804-இல் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

மறுவருடமே கணித அறிஞர் லெஜாந்தர் வால்மீன் பாதைகளைப் பற்றிய புத்தகத்தின் பின்னிணைப்பில் பிழைகளைச் சமாளிக்க வழி சொன்னார். பிழைகளைச் சும்மா கூட்டினால் மைனஸ் பிழை ப்ளஸ் பிழையைத் தின்று ஏப்பம் விட்டு, பிழையே இல்லை என்று சாதிக்கும். அதனால் ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கு. கூட்டுத்தொகை எப்போது மிகக் குறைகிறதோ அதுவே விடை. 2 பிழைத்தால் அபராதம் 4, 10 பிழைத்தால் 100. நேர்கோடானால் என்ன, நாலைந்து மாறிகளைப் பெருக்கிப் பின்னிய பல்லுறுப்புக் கோவையானால் என்ன? தேடுவது கெழுக்களை மட்டும் என்றால் இதே கணக்குதான். மாதிரிக்கு அவர் எடுத்துக்கொண்டது எதை? மெஷேன் குழுவின் அளவுகளைத்தான்.

1809-இல் இன்னொரு கணித அறிஞர் காஸ் ஒரு புத்தகம் போட்டார். இதே வழியை ‘நம்முடைய கொள்கை’ என்று அதில் உரிமை கொண்டாடி, 1795 முதலே புழங்குகிறேன் என்றும் எழுதினார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது! அச்சில் ஒரு வரி கிடையாது. ஆனால் சாட்சி உண்டு: நண்பர் ஓல்பர்ஸ் 1816-இல், ஆமாம், லெஜாந்தர் எழுதும் முன்பே என்னிடம் சொன்னார் என்று அச்சிலேயே கைதூக்கினார். காஸ் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பதினாலு வருடம் மேஜைக்குள் பூட்டிவைத்துவிட்டுப் பிறகு ‘நம்முடைய’ என்றால் எரியாதா? லெஜாந்தருக்கு எரிந்தது. 1820-இல் அச்சிலேயே காய்ச்சி எடுத்தார்.

அவர் முகத்திலும் ஒரு பிழை. புத்தகங்கள் வெகுகாலம் அவர் படம் என்று போட்டது லூயி லெஜாந்தர் என்ற அரசியல்வாதியை, கசாப்புக் கடைக்காரர். இந்த நூற்றாண்டில்தான் விழித்துக்கொண்டார்கள். அசல் முகத்துக்கு மிஞ்சியது ஒரே ஒரு கேலிச்சித்திரம்: முடி சிலிர்த்து, முகம் கடுகடுவென்று. வரைந்த வருடம், அதே 1820.